சிவப்புப் பொட்டு வச்ச டம்ளர்

ரொம்ப நாளாச்சு மக்களே இந்தப் பக்கம் வந்து. ஆணி அதிகம்ங்கிறது வழக்கமான சாக்கு. இந்தத் தடவை அது மட்டும் காரணம் இல்லை. கோவமா இருந்தேன். கோவத்துல எழுதினா எழுத்துப்பிழை வருது, நீங்க வந்து ஒற்று திருத்துவீங்க, அதுல பேச்சு மாறிடும். அதனால ஒரு வருஷம் ஆறப்போட்டுட்டு எழுதறேன். ஆறலைங்கிறது வேற விஷயம்.

போன வருஷம் வைகாசி கருட சேவை. காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு விளக்க வேண்டாம். மத்தவங்களுக்கு: அன்னிக்கு விடியக்காலையில வரதராஜப் பெருமாள் கருடன் மேல ஏறி ஊருக்குள்ள வருவார், ஊர்ல இருக்கிற அத்தனை வீட்டுக்கும் சொந்தக்காரங்க வருவாங்க. எங்க வீடு ஓரிக்கையில. முன்னறையை அப்பாவோட தறி அடைச்சுக்கும், மிச்ச இடத்துல அன்னிக்கு 14 பேர். எங்க வீட்டு டம்ளரெல்லாம் எவர்சில்வர், ஒவ்வொண்ணுலயும் யாராவது ஒருத்தர் பேர் வெட்டியிருக்கும். எல்லாம் யாரோ யாருக்கோ கல்யாணத்துக்குக் குடுத்தது. யார் பேர் போட்ட டம்ளர்ல யார் குடிக்கிறாங்கன்னு எவனும் பார்க்கமாட்டான்.

அன்னிக்குச் சாயங்காலம் தங்கமணிக்கு வந்த காபி டம்ளரோட அடியில சிவப்பா ஒரு பொட்டு இருந்துச்சு. நெயில் பாலிஷ். காய்ஞ்சும் காயாம இருந்ததால அவ விரல்ல ஒட்டிக்கிச்சு.

யார் வச்சதுன்னு விசாரணையெல்லாம் தேவைப்படலை. எங்க அத்தைதான். என்னைத் தூக்கி வளர்த்தவங்க, எனக்கு அம்மை போட்டப்ப பதினோரு நாள் பக்கத்துலயே படுத்திருந்தவங்க. "தப்பா எடுத்துக்காத கண்ணு, வீட்டுல சின்னப் புள்ளைங்க கீறாங்க, ஒரு சுத்தபத்தம் இருக்கட்டுமேன்னு" அப்படின்னு தங்கமணிகிட்டயே நேராச் சொன்னாங்க. குரல்ல பாசம் இருந்துச்சு. அதுதான் இன்னும் மோசம். திட்டியிருந்தா பதிலுக்குத் திட்டியிருக்கலாம்.

மேட்டர் என்னன்னா, அதுக்கு முந்தின மாசம் தங்கமணிக்கு ஹெபடைடிஸ் சி இருக்குன்னு தெரிஞ்சுது. அவளும் நம்மள மாதிரி பொட்டி தட்டுற இனம்தான். ஆஃபீஸ்ல ரத்ததான முகாம், முதல் ஆளாப் போய்ப் படுத்தா. ரெண்டு வாரம் கழிச்சு ரத்த வங்கியில இருந்து போன், 'நேர்ல வாங்க'ன்னு. எப்படி வந்துச்சுன்னு சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. ஆனா 1999ல, அவளுக்கு ரெண்டு வயசு, ஒரு ஆபரேஷன் நடந்துச்சு, ரத்தம் ஏத்தினாங்க. இந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சதே 1989லதான். தானமா வர்ற ரத்தத்துல இதைக் கட்டாயம் சோதிக்கணும்ங்கிற விதி நம்ம நாட்டுல நடைமுறைக்கு வந்தது 2000களோட தொடக்கத்துல. நடுவுல ஒரு பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்கு பாருங்க, அந்த இடைவெளியில ரத்தம் ஏத்திக்கிட்டவங்க எத்தனை பேர் இன்னும் தெரியாமலே நடமாடிக்கிட்டு இருக்காங்களோ. தெரியாமலே இருக்கக் காரணம், இது இருபது முப்பது வருஷம் சத்தமே போடாது. காமாலை வராது, காய்ச்சல் வராது. உள்ளுக்குள்ள ஈரலைக் கொஞ்சம் கொஞ்சமா தழும்பாக்கிக்கிட்டே இருக்கும். ஒருநாள் வயித்துல நீர் கோத்துக்கிட்டோ, புத்துநோயாவோ வெளிய வரும். 2022ல இந்தியாவுல 55 லட்சம் பேருக்கு இது இருந்ததா உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. அதுல பெரும்பாலானவங்களுக்குத் தனக்கு இருக்கிறதே தெரியாது.

சரி, டம்ளருக்கு வருவோம்.

ஹெபடைடிஸ் சி ரத்தத்துல இருந்து ரத்தத்துக்குப் போறது. எச்சில்ல, சாப்பாட்டுல, தண்ணியில, கட்டிப்பிடிக்கிறதுல, கொசுக்கடியில, தாய்ப்பால்ல பரவாது. ஒரே தட்டுல சாப்பிடலாம். ஒரே டம்ளர்ல குடிக்கலாம். இது ஏதோ நவீன ஆராய்ச்சி இல்லைங்க, எந்த டாக்டரைக் கேட்டாலும் ரெண்டு நிமிஷத்துல சொல்ற விஷயம்.

அப்ப என்ன ஜாக்கிரதையா இருக்கணும்? ரத்தம் படக்கூடிய சாமான். சவர பிளேடு, பல் தேய்க்கிற பிரஷ், நகவெட்டி, ஊசி. இதுல கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் ஒட்டியிருக்கலாம், காய்ஞ்ச ரத்தத்துலயும் இந்தக் கிருமி நாள்கணக்குல தாக்குப்பிடிக்கும். அதனால இதெல்லாம் ஆளுக்கு ஒண்ணு. அவ்வளவுதான் மொத்த விதியும்.

இப்ப எங்க வீட்டு ஹால்ல ஒரு காட்சி. தினசரி காலண்டர் தொங்குற ஆணியில, நூல்ல கட்டி ஒரு நகவெட்டி தொங்குது. எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து அது அங்கதான் தொங்குது. அப்பா, அம்மா, நான், வந்துபோற சித்தப்பா, பக்கத்து வீட்டுப் பையன் எல்லாரும் அதுலதான் நகம் வெட்டுவோம். ஓரமா வெட்டி ரத்தம் வந்தா விரலை வாயில வச்சுக்கிட்டு அடுத்த ஆள்கிட்ட குடுப்போம். கருட சேவை அன்னிக்கும் அது அங்கயே தொங்குச்சு. அதே நாள்ல, அதே வீட்டுல, டம்ளருக்குப் பொட்டு வச்ச அதே அத்தை, காலை நீட்டி உட்கார்ந்து அந்த நகவெட்டியை எடுத்து நகம் வெட்டிக்கிட்டாங்க!

நான் சொல்ல வந்தது இதுதான் மக்களே. இது பயமே கிடையாது. பயமா இருந்தா நகவெட்டியில இருந்துல்ல ஆரம்பிச்சிருக்கணும்? எதுல ஆபத்து இருக்குன்னு யாரும் கேக்கலை. ஒரு ஆளைத் தள்ளி வைக்கணும்னு தோணினதும் நம்ம கை தானா டம்ளரைத் தேடிப் போகுது. ஏன் டம்ளர்? எனக்குத் தெரிஞ்ச ஒரே பதில், அது நமக்குப் பழக்கம். இந்த மாநிலத்துல எத்தனை டீக்கடையில ரெண்டு வகை டம்ளர் இருந்துச்சுன்னு, இன்னும் எங்கெங்க இருக்குன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். கையெல்லாம் பழகிப்போச்சு. முன்னாடி சாதி பேரைச் சொல்லி வச்சோம், இப்ப 'இன்ஃபெக்‌ஷன்'னு சொல்லி வைக்கிறோம். பேர்தான் படிச்ச பேர்.

'முன்னெச்சரிக்கையா இருக்கிறது தப்பா பாஸ்?'னு கேக்கப்போற அறிவுஜீவிகளுக்கு: தப்பே இல்லை. நகவெட்டியைத் தனியா வாங்குங்க. கடையில முகம் வழிக்கும்போது புது பிளேடு மாத்தச் சொல்லுங்க. திருவிழாக் கடையில பச்சை குத்திக்கும்போது ஊசி புதுசான்னு கேளுங்க. இதையெல்லாம் எங்க வீட்டுக்கு வந்த 14 பேர்ல ஒருத்தரும் செய்யலை. முன்னெச்சரிக்கைன்னா ஆபத்து இருக்கிற இடத்துல எடுக்கிறது. ஆபத்தே இல்லாத இடத்துல எடுத்தா அதுக்கு வேற பேர்.

நான் மட்டும் யோக்கியன்னு சொல்லிக்க வரலை. ரத்த வங்கியில இருந்து போன் வந்த அன்னிக்கு ராத்திரி மூணு மணி வரைக்கும் இணையத்துல தேடினேன். எது சரி எது புருடான்னு பிரிக்கத் தெரியாத நேரம். அடுத்த ஒரு வாரம், ஐஸ்கிரீம் வாங்கினா எனக்குத் தனி ஸ்பூன் எடுத்துக்கிட்டேன். அதுக்கு முன்னாடி எப்பவும் ஒரே ஸ்பூன்தான். அவ கவனிச்சா. ஒண்ணும் சொல்லலை. டாக்டரைப் பார்த்துட்டு வந்த பிறகு நான் போய் அவ ஸ்பூனைப் பிடுங்கினப்ப, "அப்பாடா, ஒரு வாரம் முழுசா நானே தின்னேன், நல்லாத்தான் இருந்துச்சு" அப்படின்னா. அந்த ஒரு வாரத்துக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கலை. கூத்து என்னன்னா, அந்த வாரம் பூரா ரெண்டு பேர் பிரஷ்ஷும் ஒரே டப்பாவுல ஒண்ணோடொண்ணு ஒட்டி உரசிக்கிட்டுத்தான் நின்னுச்சு. இன்ஜினியரிங் படிச்ச எனக்கு ஸ்பூன் தோணுச்சு, பிரஷ் தோணலை. அத்தையோட டம்ளருக்கும் என் ஸ்பூனுக்கும் என்ன வித்தியாசம்? அவங்க பொட்டு வச்சாங்க, நான் வைக்கலை. அவ்வளவுதான்.

அடுத்து, கூட்டத்துல ஒரு குரூப் என்னைத் தனியா வேப்பமரத்தடிக்குக் கூட்டிட்டுப் போச்சு. "தம்பி, உனக்கும் வந்துடுமேப்பா. புருஷன் பொண்டாட்டின்னா..." அதுக்கு மேல வாக்கியத்தை முடிக்க வெக்கம். சரி, நானே முடிக்கிறேன். அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுல 500 தம்பதிகளை வச்சு ஒரு ஆய்வு, 2013ல வெளிவந்தது. ஒருத்தருக்கு மட்டும் ஹெபடைடிஸ் சி, வேற துணை கிடையாது, வருஷக்கணக்கா சேர்ந்து வாழறவங்க. முடிவு: அதிகபட்சமா வச்சாலும் வருஷத்துக்கு 0.07 சதவீதம் வாய்ப்பு, உறவுக் கணக்குல சொன்னா சுமார் 1,90,000 தடவைக்கு ஒரு தடவை. கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன் (தொழில் புத்தி). தினமும்னு வச்சுக்கிட்டாலும் 520 வருஷம். கிருஷ்ணதேவராயர் ஏகாம்பரநாதர் கோயிலுக்கு ராஜகோபுரம் கட்டின 1509ல நாங்க கல்யாணம் பண்ணியிருந்தா இந்நேரம்தான் லேசா கவலைப்பட ஆரம்பிக்கணும். இத்தாலியில 2004ல வந்த இன்னொரு ஆய்வுல 895 பேரைப் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்தாங்க. துணைகிட்ட இருந்து ஒட்டிக்கிட்டவங்க எண்ணிக்கை பூஜ்யம். வேற வழியில மூணு பேருக்கு வந்தது, கிருமியோட வகையைச் சோதிச்சா துணையோடதோட ஒத்துப்போகலை. தினமும் ஹெல்மெட் இல்லாம எங்க ஊர்ல இருந்து வாலாஜாபாத் ரோட்டுல பைக் ஓட்டிட்டுப் போற சித்தப்பா எனக்கு ஆபத்தைப் பத்தி வகுப்பு எடுக்கிறார்!

அதே வேப்பமரத்தடியில வந்த அடுத்த யோசனைதான் என்னைக் கொதிக்க வச்சுது. "கொஞ்ச நாள் அவங்க அம்மா வீட்டுல விட்டு வையேன். முழுசா சரியானதும் கூப்பிட்டுக்கலாம்."

எங்க ஊர் பேருக்கு ஒரு கதை இருக்கு, எங்க ஊர் ஆளுங்க எல்லாருக்கும் தெரியும், அந்தச் சித்தப்பாவே எனக்குச் சின்ன வயசுல சொன்னதுதான். பல்லவ ராஜா ஒருத்தன், திருமழிசை ஆழ்வாரோட சீடர் கணிகண்ணனை, தான் கேட்ட மாதிரி பாடலைன்னு ஊரை விட்டுப் போகச் சொல்றான். சீடன் போறான்னு தெரிஞ்சதும் ஆழ்வார் கிளம்பறார். கிளம்பறவர் சும்மா போகலை, திருவெஃகாவுல படுத்திருக்கிற பெருமாளையும் எழுந்து பாயைச் சுருட்டிக்கிட்டு வரச் சொல்றார். அவரும் வந்துட்டார். மூணு பேரும் ஒரு ராத்திரி தங்கின இடம் 'ஓரிரவு இருக்கை', அதுதான் ஓரிக்கை ஆச்சு. ராஜா ஓடிவந்து கால்ல விழுந்த பிறகுதான் திரும்பினாங்க. சொன்ன வண்ணம் செய்த பெருமாள்னு இன்னிக்கும் அவருக்குப் பேர். ஒருத்தனைப் போகச் சொன்னா கூட இருக்கிறவனும் சாமியும் பாயைச் சுருட்டிக்கிட்டுப் போன ஊருய்யா இது! அந்த ஊர்ல நின்னுக்கிட்டு 'அனுப்பி வை'ங்கிறீங்க. இதையே அங்க கத்திச் சொன்னேன். கத்தியிருக்க வேண்டாம். பெரியவங்க முன்னாடி அந்த மாதிரி நான் பேசினதே இல்லை. அதுக்கு மட்டும் வருத்தம், சொன்ன விஷயத்துக்கு இல்லை.

ரெண்டாவது ரகம், 'தியாகி' பட்டம் குடுக்கிறவங்க. இவங்க படிச்சவங்க, முற்போக்கு. "எவ்ளோ பெரிய மனசு உனக்கு, வேற ஒருத்தனா இருந்தா..." அப்படின்னு தோள்ல தட்டுவாங்க. இந்தப் பாராட்டுக்கு டம்ளர் பொட்டே தேவலை. நான் என்ன தியாகம் பண்ணினேன்? தனி நகவெட்டி வாங்கினேன், விலை நாப்பது ரூபா. மாத்திரையை முழுங்கினது அவ, ரத்தம் குடுத்துக் குடுத்துக் கை வீங்கினது அவளுக்கு, எல்லார் பார்வையையும் தாங்கினது அவ. மெடல் மட்டும் எனக்கா? என்னை நல்லவன்னு சொல்லும்போதே அவளை ஒரு பாரம்னு சொல்லியாச்சுங்கிறது இவங்களுக்கு ஏன் புரியமாட்டேங்குது? அவ இடத்துல நான் இருந்து, அவ கூட இருந்திருந்தா எவனாவது தோள்ல தட்டியிருப்பானா? 'பொண்டாட்டின்னா அதான கடமை'ன்னு போயிருப்பாங்க.

மூணாவது, கீழாநெல்லி. இதைக் கேலி பண்ணிட்டுப் போறது சுலபம், நான் பண்ணப்போறதில்லை. பெரியப்பா பாவம், வேகவதிக் கரையில தேடிப் பறிச்சு, அரைச்சு, மோர்ல கலந்து கொண்டுவந்தார். கீழாநெல்லிக்கு நிஜமாவே ஒரு வரலாறு இருக்கு. 1988ல லான்செட்ல ஒரு கட்டுரை வந்துச்சு. சென்னைப் பல்கலைக்கழகத்துல எஸ்.பி. தியாகராஜன் குழு, கூட புளும்பெர்க். ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடிச்சு 1976ல நோபல் வாங்கினாரே, அதே புளும்பெர்க். ஜூலை 28ஐ உலக ஹெபடைடிஸ் தினம்னு வச்சிருக்காங்கல்ல, அது அவரோட பிறந்தநாள். கீழாநெல்லி குடுத்தவங்கள்ல 59 சதவீதம் பேருக்கு ரத்தத்துல அந்த 'பி' அடையாளம் மறைஞ்சுதுன்னு எழுதினாங்க. உலகமே திரும்பிப் பார்த்துச்சு. அப்புறம் வேற நாடுகள்ல செஞ்சு பார்த்தப்ப அந்த மாதிரி முடிவு கிடைக்கலை. முயற்சி பண்ணிப் பார்த்தாங்க, சோதிச்சாங்க, நிக்கலைன்னதும் விட்டாங்க. அறிவியல்னா அதான். ஆனா அது 'பி'. இது 'சி'. ரெண்டும் வேற வேற கிருமி. பெயர்ல முன்பாதி ஒண்ணா இருக்கிறதால சொந்தக்காரங்களாகிடாது.

குழப்பத்துக்குக் காரணம் இல்லாம இல்லை. ஈரல் வீங்கினா எல்லாத்துக்கும் நாம வைக்கிற பேர் ஒண்ணுதான், மஞ்சக்காமாலை. அதுல 'ஏ', 'இ' ரெண்டும் கெட்ட தண்ணியாலயும் சாப்பாட்டாலயும் பரவுறது, அதுக்குத் தண்ணியைக் காய்ச்சு, கையைக் கழுவு, பாத்திரத்தைச் சுத்தமா வைனு சொன்னா அர்த்தம் இருக்கு. பெரும்பாலும் அது தானாவும் சரியாயிடும், அந்த நேரத்துல யார் எந்தப் பச்சிலை குடுத்தாலும் பேர் அந்தப் பச்சிலைக்குப் போயிடும். 'பி'க்குத் தடுப்பூசி இருக்கு. 'சி'க்குத் தடுப்பூசி இல்லை, ஆனா முழுசா குணப்படுத்துற மாத்திரை இருக்கு. நாலு கதையையும் ஒரே டம்ளர்ல ஊத்திக் கலக்கினா அத்தைக்கு மட்டுமில்ல, யாருக்கும் குழம்பும்.

பெரியப்பாகிட்ட மோரை வாங்கிக் கீழ வச்சுட்டு, "மாத்திரை நடுவுல வேற எதுவும் சேர்க்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார் பெரியப்பா"ன்னேன். அவர் முகம் சுருங்கிடுச்சு. அவராவது ஏதோ குணமாகணும்னு நினைச்சார். அன்னிக்கு வந்தவங்கள்ல அவர் ஒருத்தர்தான் "எப்படிம்மா இருக்குது உடம்பு?"ன்னு அவளையே கேட்டவர்.

அந்த மாத்திரை கதை நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சிருக்க வேண்டியது. முன்னாடி இதுக்கு வாராவாரம் இன்டர்ஃபெரான் ஊசி, கூட ரிபாவிரின் மாத்திரை, ஆறு மாசம், சிலருக்கு ஒரு வருஷம். காய்ச்சல், முடி கொட்டுறது, மனசு ஒடிஞ்சு போறது, இவ்வளவும் பட்டு முடிச்சாலும் பல பேருக்குக் குணமாகாது. 2013 டிசம்பர்ல அமெரிக்காவுல சோஃபோஸ்புவிர் வந்துச்சு. ஒரு மாத்திரை ஆயிரம் டாலர்! பன்னெண்டு வாரத்துக்கு 84 மாத்திரை, 84,000 டாலர். 2014 செப்டம்பர்ல கிலியட் கம்பெனி சில இந்தியக் கம்பெனிகளுக்கு உரிமம் குடுத்துச்சு. 2015 ஜனவரியில நம்ம காப்புரிமை அலுவலகம் அவங்க விண்ணப்பத்தை நிராகரிச்சுது, 2016 மே மாசம் அதே விண்ணப்பத்துக்குக் குடுத்தும் தொலைச்சுது. நடுவுல 2015 மார்ச்ல ஹைதராபாத் நாட்கோ கம்பெனி 28 மாத்திரை டப்பாவை 19,900 ரூபாய்க்குக் கொண்டுவந்துச்சு. அங்க ஒரே நாள் மாத்திரை வாங்குற காசுல இங்க மூணு மாசத்துக்கு வாங்கிடலாம். 2016ல பஞ்சாப் அரசாங்கம் இலவசமா குடுக்க ஆரம்பிச்சுது. 2018 ஜூலை 28ல மத்திய அரசோட தேசியத் திட்டம் வந்துச்சு. சோதனையும் இலவசம், மாத்திரையும் இலவசம், அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் மூலமா. தங்கமணி அந்தத் திட்டத்துலதான் வாங்கினா. வரிசையில நின்னா, டோக்கன் வாங்கினா, 84 நாள் முழுங்கினா. ஒரு தலைவலி, கொஞ்சம் அசதி. அவ்வளவுதான் பக்கவிளைவு. நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல குணமாகுற வியாதிங்க இது. எங்க வீட்டுல நடந்த பிரச்சினைக்கும் வியாதிக்கும் சம்பந்தமே இல்லைன்னு நான் சொல்றது இதனாலதான்.

மாத்திரை முடிஞ்சு பன்னெண்டு வாரம் கழிச்சு மறுபடி சோதனை. 'டார்கெட் நாட் டிடெக்டட்'. கிருமி இல்லை. குணம்.

பதிவு இங்க முடிஞ்சிருக்கணும். முடியலை.

ஏன்னா ரத்தத்துல ரெண்டு விதமா பார்ப்பாங்க. ஒண்ணு எதிர்ப்புரதம் இருக்கான்னு, இன்னொண்ணு கிருமியே இருக்கான்னு. முதல் சோதனை குணமான பிறகும், அநேகமா ஆயுசுக்கும், 'ரியாக்டிவ்'னுதான் காட்டும். நம்ம பாஷையில சொல்லணும்னா, பிராசஸை எப்பவோ கில் பண்ணியாச்சு, லாக் ஃபைல்ல மட்டும் பேர் இருக்கு. லாக் ஃபைல்ல பேர் இருக்குன்னு எவனாவது சர்வரைத் தூக்கிக் குப்பையில போடுவானா? போடறாங்க. தங்கமணி போன மார்கழியில வேற ஒரு கம்பெனிக்கு மாறப் பார்த்தா. எந்தக் கம்பெனின்னு சொல்லப்போறதில்லை. எல்லாம் முடிஞ்சு கடைசியில ஒரு மெடிக்கல் டெஸ்ட். அதுல ரியாக்டிவ். அவ கிருமி இல்லைங்கிற ரிப்போர்ட்டை அனுப்பினா. 'பரிசீலனையில் உள்ளது'ன்னு பதில் வந்துச்சு. பரிசீலனை இன்னும் நடக்குது. வளைகுடா வேலைக்குப் போறவங்களைக் கேளுங்க, இந்த ஒரு வார்த்தைக்காக 'அன்ஃபிட்' முத்திரை குத்தித் திருப்பி அனுப்புற கதை நிறைய கிடைக்கும். ஹெச்ஐவி உள்ளவங்களை வேலையில, ஆஸ்பத்திரியில, படிப்புல ஒதுக்கக்கூடாதுன்னு 2017ல ஒரு சட்டம் வந்துச்சு, 2018 செப்டம்பர்ல இருந்து நடைமுறையில இருக்கு. ரொம்ப நல்ல சட்டம். ஹெபடைடிஸ் அதுல இல்லை. அதே வழியில பரவுற, குணமே ஆயிடுற வியாதிக்கு அந்தக் கவசம் கிடையாது.

இங்கதான் நம்ம ஆளுங்களோடயும் எனக்குச் சண்டை. 'ஜாதகம் பார்க்காதே, ரத்தப் பரிசோதனை பார்த்துக் கல்யாணம் பண்ணு'ன்னு பல வருஷமா எழுதறோம், நானும் எழுதியிருக்கேன். இப்ப யோசிச்சா, ஜாதகக் கட்டை எடுத்துட்டு அதே இடத்துல லேப் ரிப்போர்ட்டை வச்சிருக்கோம். செவ்வாய் தோஷம் போய் ரியாக்டிவ் தோஷம். சோதனை வேணாம்னு சொல்லலை. எல்லாரும் பண்ணிக்கணும், குறிப்பா 2002க்கு முன்னாடி ரத்தம் ஏத்திக்கிட்டவங்க, டயாலிசிஸ்ல இருக்கிறவங்க, ஊசி போட்டுக்கிற பழக்கம் எப்பவாச்சும் இருந்தவங்க. இருந்தா மாத்திரை சாப்பிட்டுக் குணமாகறதுக்காகப் பண்ணிக்கணும். குழந்தை பெத்துக்கப் போறவங்க முன்னாடியே பண்ணிக்கிட்டா இன்னும் நல்லது, சிகிச்சை எடுக்காத தாய்கிட்ட இருந்து நூத்துல அஞ்சாறு குழந்தைக்கு வர்ற வாய்ப்பு இருக்கு, முதல்லயே குணமாகிட்டா அந்தக் கவலையும் இல்லை. ஆனா சோதனையோட முடிவு ஒரு ஆளை வடிகட்டத்தான் பயன்படும்னா எவன் வந்து கையை நீட்டுவான்?

சாத்தூர் நினைவிருக்கா? 2018 டிசம்பர். அரசு ஆஸ்பத்திரியில ஒரு கர்ப்பிணிக்கு ஹெச்ஐவி உள்ள ரத்தத்தை ஏத்திட்டாங்க. நாடே பேசிச்சு. அது எப்படி வெளிய வந்துச்சுங்கிறதை மறந்துட்டோம். ரத்தம் குடுத்த அந்தச் சின்னப் பையன், வெளிநாட்டு வேலைக்குப் போக டெஸ்ட் எடுத்தப்ப தனக்கு இருக்கிறது தெரிஞ்சு, தானாவே ரத்த வங்கிக்குச் சொன்னான், 'என் ரத்தத்தை யாருக்கும் குடுத்துடாதீங்க'ங்கிற அர்த்தத்துல. சோதிக்க வேண்டியவங்க சரியா சோதிக்கலை. உண்மையைச் சொன்னது அவன் ஒருத்தன்தான். அந்த மாசம் முடியறதுக்குள்ள விஷம் குடிச்சுச் செத்துப்போனான். அவனுக்கு நாம என்ன குடுத்தோம்? தங்கமணிக்கு ரத்த வங்கியில இருந்து போன் வந்தப்ப எனக்கு ரொம்ப நாள் கழிச்சு அந்தப் பையன் ஞாபகம்தான் வந்துச்சு. சொன்னவனைத் தள்ளி வச்சா அடுத்தவன் சொல்லமாட்டான். சொல்லாத ரத்தம்தான் நாளைக்கு நம்ம குழந்தைக்கு ஏறும். டம்ளருக்குப் பொட்டு வைக்கிறது வெறும் மனசு நோகுற சமாச்சாரம் இல்லை மக்களே, அது உயிருக்கு ஆபத்து. கிருமியால இல்ல, பொட்டால.

2000களோட தொடக்கத்துல நம்ம ஊர்ல புள்ளிராஜா விளம்பரம் சுவருக்குச் சுவர் இருந்துச்சு, நான் அப்ப அரை டவுசர். எய்ட்ஸ் தொட்டாப் பரவாது, சேர்ந்து சாப்பிட்டாப் பரவாதுன்னு சின்னப் பசங்களுக்கே பாடமாச்சு. அதே அளவுக்கு 'சி'க்கு ஒரு சுவரை நான் பார்த்ததில்லை. மாத்திரையை இலவசமாக் குடுக்கத் தெரிஞ்ச அரசாங்கத்துக்கு, அது இலவசம்னு ஊருக்குச் சொல்லத் தெரியலை.

அப்பாவைப் பத்தி ஒரு வரி. எங்க வீட்டுல கோர்வைச் சேலை நெய்யும்போது ஒரு பக்கக் கரைக்கு அம்மா துணைக்கு உட்கார்ந்து நாடா தள்ளுவாங்க. முப்பது வருஷமா அப்படித்தான். விஷயத்தைச் சொன்னப்ப ரெண்டு பேரும் தறியில இருந்தாங்க. "மாத்திரை முடிஞ்சா சரியாயிடுமா?"ன்னு கேட்டார். "ஆயிடும்பா"ன்னேன். "அப்புறம் என்ன"ன்னுட்டு மிதியை மிதிச்சார். அம்மா மட்டும் ராத்திரி என் ரூமுக்கு வந்து, புள்ளை பெத்துக்கலாமான்னு கேட்டாங்க. குணமானதும் தாராளமான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் நின்னுட்டு, "அந்த டம்ளரை நான் கழுவும்போது சுரண்டிப் பார்த்தேன், போகலை"ன்னாங்க.

அசிட்டோன் வச்சுத் துடைச்சா ஒரு நொடியில போயிடும். தங்கமணிதான் துடைக்கவேணாம்னுட்டா. இப்ப அதுலதான் நான் தினமும் காபி குடிக்கிறேன், சில நாள் அவ, சில நாள் அப்பா. யார் கைக்கு வருதோ அவங்க.

இந்த வருஷ கருட சேவைக்கும் அத்தை வர்றாங்க, போன்ல சொல்லிட்டாங்க. "அவளுக்கு இப்ப தேவலையா?"ன்னு கேட்டாங்க, நிஜமான அக்கறையோடதான். ரிப்போர்ட்டை எடுத்து வச்சிருக்கேன், உட்காரவச்சு வரி வரியாப் படிச்சுக் காட்டப்போறேன். காலண்டர் ஆணியில இருந்த நகவெட்டியைக் கழட்டியாச்சு. காந்தி ரோடு பக்கம் ஒரு பாத்திரக்கடையில எட்டு நகவெட்டி குடுத்து ஆளாளுக்குப் பேர் வெட்டச் சொன்னேன். கடைக்காரர் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "எழுத்துக்கு இவ்ளோன்னு கணக்கு, இனிஷியல் மட்டும் போடவா தம்பி?"ன்னார். அத்தைக்கு மட்டும் முழுப்பேர்.

டிஸ்கி: இதைத் தங்கமணி படிச்சுட்டு, அனுமதி குடுத்த பிறகுதான் போடறேன். அவ வச்ச நிபந்தனை ரெண்டு. தன் பேர் வரக்கூடாது. தன்னை அழுமூஞ்சியாக் காட்டக்கூடாது. ஐஸ்கிரீம் பாராவுல "ஒரு வாரம்"னு போட்டது தப்பாம், ஒம்போது நாளாம். எண்ணி வச்சிருக்கா.